பக்கவாட்டில் உரசிய லாரி: இழப்பீடு கோர ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் பெருங்களத்தூர் அருகே ஜி.எஸ்.டி. சாலையில், இண்டிகேட்டர் போடாமல் இடப்புறத் தடத்திலிருந்து விலகி வந்த லாரி ஒன்று என் அண்ணனின் காரை உரசிக்கொண்டே சென்றதில், பக்கக் கண்ணாடி பிய்ந்து, முன் கதவிலிருந்து பின் சக்கரம் வரை தகடு மடிந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. கீறலைவிட, ஸ்டீயரிங் இப்போது இடப்பக்கம் இழுப்பதுதான் கவலையளிக்கிறது. பணிமனையிலோ பெயிண்ட் அடிப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். சொந்தக் காப்பீட்டில் கோரினால், 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும். லாரியின் மூன்றாம் தரப்புக் காப்பீட்டில் (அந்த வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கானது) கோரவோ, மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி ஆறு மாதங்களுக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். வாகனச் சேதத்துக்கு மட்டும் அவ்வாறு மனுச் செய்தவர்கள் இங்கு இருந்தால், காரில் பொருத்திய டேஷ்கேம் கேமராவின் பதிவு (லாரியின் எண் அதில் தெளிவாகத் தெரிகிறது) சான்றாக ஏற்கப்பட்டதா, அலைச்சலுக்கேற்ற தொகை கிடைத்ததா என்பதைத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.