பழவேற்காடு சைக்கிள் பயணம்: புதுப்பிப்பு

போன மாதம் பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு மெல்லிய டயர் உள்ள ரோடு சைக்கிளில் போகலாமா என்று கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டேன், இரண்டு முறை.

மீஞ்சூர் வழி வேண்டாம் என்றவர்கள் சொன்னது சரி. முதல் தடவை அங்கே கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். அடுத்த முறை சைக்கிளை காரில் ஏற்றி, பொன்னேரியிலிருந்துதான் மிதித்தேன். திருப்பாலைவனம் கோயிலடியில் ஒரு டீ. தை மாத வாடைக்காற்று போகும்போது முகத்தில் அறைந்தது. திரும்பும்போது முதுகைத் தள்ளிவிட்டது. அதனால் தெம்பையெல்லாம் போகும்போதே கொட்டிவிடலாம்.

1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டையைத் தேடிப் போகாதீர்கள், புதர்தான் மிச்சம். டச்சுக் கல்லறைக்கு மட்டும் கட்டாயம் போங்கள். வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், உள்ளே எழுத்தும் பூவேலையும் செதுக்கிய கற்பலகைகள். சைக்கிளிங் ஷூவோடு நடந்தால் வழுக்கும், செருப்பு எடுத்துப் போங்கள்.

பாலத்தில் நின்றால் ஏரி இருபுறமும் விரியும். பூநாரைகள் வெகு தொலைவில், வெள்ளைக் கோடாகத்தான் தெரிந்தன.

செயினை அன்றே கழுவி எண்ணெய் போட்டுவிடுங்கள். நான் இரண்டு நாள் சோம்பினேன், உப்புக்காற்று துருவேற்றிவிட்டது.

அடுத்தது சூலூர்பேட்டை–ஸ்ரீஹரிகோட்டா சாலை. இதே பழவேற்காடு ஏரிக்கு நடுவே போகும் பாதை அது. யாராவது வருகிறீர்களா?