புதுப்பிப்பு: கோயிங் டு தி சன் சாலை, எந்தப் பக்கமிருந்து ஏறுவது?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவைக் குறுக்கே கடக்கும் இந்தச் சாலையில் எந்தத் திசையில் ஓட்டினால் நல்லது என்று கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம்.

உயரம் கண்டு பயப்படுபவர் வண்டியில் இருந்தால் கிழக்கிலிருந்து மேற்கே வாருங்கள். அங்கே வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் 'கார்டன் வால்' என்ற செங்குத்தான மலைமுகட்டுப் பகுதியில் பாறைச்சுவரை ஒட்டியே இறங்கலாம். ஆனால் 'வீப்பிங் வால்' அருகே அருவி நீர் வண்டிமேலேயே கொட்டும், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்! மேற்கிலிருந்து ஏறினால் நீங்கள் பள்ளத்தாக்கின் விளிம்புப் பக்கம். காட்சி அள்ளும், எனக்கு அதுதான் பிடித்தது. பக்கத்தில் இருந்தவர் கண்ணையே திறக்கவில்லை என்பது வேறு விஷயம்.

1933-இல் திறக்கப்பட்ட சாலை இது, நீளம் சுமார் 80 கிலோமீட்டர். முதலில் போட்ட திட்டத்தில் 15 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தனவாம். மலையைக் கீறிப்போடக் கூடாது என்று பூங்காத் துறையின் நிலவடிவமைப்பாளர் தாமஸ் விண்ட் வாதாடியதால் 'தி லூப்' என்ற ஒரே வளைவோடு முடித்துவிட்டார்கள். ஓட்டிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரிகிறது.

அப்புறம், கேரவன் பற்றிக் கேட்டவர்களுக்கு: இந்தச் சாலையில் அவலாஞ்ச், ரைசிங் சன் என்ற இரு இடங்களுக்கும் இடையே 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. பக்கக் கண்ணாடியும் கணக்கில் சேரும். இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே இராமல் தாழ்ந்த கியரில் வாருங்கள்.