கலாம் மேசையில் கோப்பு தூங்கியதா?

கூடல்வாசி:
"ராஜீவ் கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட பேரறிவாளன் கருணை மனுவைக் கலாம் நினைத்திருந்தால் ஒரே கையெழுத்தில் முடித்திருக்கலாம், அவர்தான் கிடப்பில் போட்டார்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சலாக இருந்தது. மனு போனது 2000 ஏப்ரலில். அப்போது குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன். மத்திய உள்துறை அதை 2005 வரை தன் அலமாரியிலேயே வைத்திருந்தது. வராத கோப்பில் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

பாலாற்றங்கரை:
அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். 2005இல் வந்துவிட்டது என்று நீங்களே சொல்கிறீர்கள். கலாம் 2007 ஜூலை வரை பதவியில் இருந்தார். இரண்டு வருஷம் போதாதா?

கூடல்வாசி:
போதாது. கருணை மனுவுக்கான அரசியல் சாசனத்தின் 72ஆவது பிரிவில் குடியரசுத் தலைவர் தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்க முடியாது, மத்திய அமைச்சரவை சொல்கிறபடிதான். 1980இல் மாரு ராம் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். அதே ஆலோசனை மறுபடி வந்தால் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். உள்துறை சொன்னது நிராகரிக்கச் சொல்லித்தான். கலாம் கையெழுத்துப் போட்டிருந்தால் பேரறிவாளன், சாந்தன், முருகன் மூவரையும் அப்போதே தூக்கில் போட்டிருப்பார்கள். போடாமல் இருந்தாரே என்று சந்தோஷப்படுங்கள்.

பாலாற்றங்கரை:
கொல்கத்தாச் சிறுமி கொலை வழக்கின் தனஞ்சய் சட்டர்ஜி மனுவை மட்டும் நிராகரிக்கக் கை வந்ததே? 2004 ஆகஸ்ட் 14, அலிப்பூர் சிறையில் தூக்கு. மறந்துவிட்டதா?

கூடல்வாசி:
மறக்கவில்லை. இன்னொரு கொலைக் குற்றவாளி கேராஜ் ராமின் தூக்கை ஆயுளாகக் குறைத்ததும் அதே கலாம்தான். அதை ஏன் வசதியாக விட்டுவிட்டீர்கள்?

பாம்பன்காற்று:
எங்கள் ராமேசுவரத்து மனிதரை இழுக்காமல் உங்களுக்குச் சோறு இறங்காதா? 2011 ஆகஸ்டில் நிராகரித்தது பிரதிபா பாட்டீல். அவரைக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கதர்ச்சட்டை:
கோப்பு, கோப்பு என்று எத்தனை நாள் பேசுவீர்கள்? ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு பந்தோபஸ்துக்கு நின்ற காவலர்களும் செத்தார்கள். அவர்கள் வீட்டைப் பற்றி ஒரு வரி உண்டா?

பாலாற்றங்கரை:
குண்டுக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்று 31 வருஷம் சிறையில் இருந்தார் பேரறிவாளன் என்ற பையன். எதற்கென்று தெரியாமல் வாங்கியதாக அவர் சொன்னதை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டதாக, பதிவு செய்த சிபிஐ அதிகாரியே 2013இல் சொன்னார். அதையும் கொஞ்சம் பேசுங்கள், ஐயா.

கதர்ச்சட்டை:
விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்த 26 பேரில் 19 பேரை 1999இல் விடுவித்த அதே உச்ச நீதிமன்றம்தான் இவருக்குத் தூக்கை உறுதிசெய்தது. பேட்டரி கதை அவர்களுக்குத் தெரியாதா என்ன?

கூடல்வாசி:
பேட்டரிக்கு ஓடாதீர்கள். கேள்வி கோப்பு. மனு போய் 11 வருஷம் கழித்து நிராகரித்தார்கள். வேலூர் சிறையில் 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாளும் குறித்தார்கள். உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2014 பிப்ரவரி 18இல் நீதிபதி சதாசிவம் அமர்வு இந்தத் தாமதத்தைக் காரணம் காட்டித்தான் தூக்கை ஆயுளாக்கியது. ஆக, தண்டனையைக் குறைத்தது எந்தக் குடியரசுத் தலைவரும் இல்லை. அப்புறம் 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரை செய்தது. ஆளுநர் இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டுக் குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிட்டார். கடைசியில் 2022 மே 18இல் அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவு தரும் தனி அதிகாரத்தில் உச்ச நீதிமன்றமே விடுவித்தது. இத்தனை பேர் உட்கார்ந்திருந்த கோப்புக்குக் கலாம் ஒருவர்தான் குற்றவாளியா?

பாலாற்றங்கரை:
பாடம் நடத்த வேண்டாம். 2000இல் அதே வழக்கின் நளினிக்கு மட்டும் தூக்கைக் குறைக்கச் சொல்லி, மற்ற மூவரைக் கைவிட்ட தமிழக அமைச்சரவை எது என்றும் சொல்லுங்கள். உங்கள் கட்சி என்பதால்தான் அந்த வருஷத்தைத் தாண்டிப் போகிறீர்கள்.

கூடல்வாசி:
நான் எந்தக் கட்சியிலும் இல்லை. போன மாதமும் இதே புளுகுதான்.

பாம்பன்காற்று:
போன மாதம் கச்சத்தீவு இழையிலும் இவர் இப்படித்தான் பாதியில் பேச்சை மாற்றினார்.

பாலாற்றங்கரை:
கச்சத்தீவு இருக்கட்டும். 2005 முதல் 2007 வரை கோப்பு எங்கே இருந்தது? ஒரே வரியில் பதில் வேண்டும்.

கூடல்வாசி:
2000 முதல் 2005 வரை எங்கே இருந்தது என்று முதலில் நீங்கள் எழுதுங்கள். நான் நாலு தடவை எழுதியாகிவிட்டது.