கம்பி நீளம் இரட்டித்தால் மின்தடை ஏன் இரட்டிக்கவில்லை?

சுருள்விழி:
செய்முறை நோட்டுக்காக ஒரு நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் உலோகக் கலவை) கம்பியின் மின்தடையை வெவ்வேறு நீளத்தில் அளந்தேன். விட்டம் 0.40 மி.மீ. கம்பியை ஸ்கேல் மீது இழுத்துக் கட்டி, ஒரு கிளிப்பை பூஜ்யத்தில் வைத்து, இன்னொன்றை நகர்த்திக்கொண்டே போனேன். டிஜிட்டல் மல்டிமீட்டர் காட்டியது:

10 செ.மீ – 1.3 ஓம்
20 செ.மீ – 2.2 ஓம்
40 செ.மீ – 3.9 ஓம்
80 செ.மீ – 7.4 ஓம்
100 செ.மீ – 9.2 ஓம்

மின்தடை நீளத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்றுதான் படித்திருக்கிறேன். 10-லிருந்து 20-க்குப் போனால் 2.6 வர வேண்டாமா? 40-க்கு 3.9 என்றால் 80-க்கு 7.8 அல்லவா? வரைபடம் நேர்கோடாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை. திரும்ப அளந்தாலும் இதே கதைதான். கோளாறு கம்பியிலா, மீட்டரிலா?

கம்பிவலை:
கம்பி சூடாகியிருக்கும். சூடு ஏறினால் மின்தடையும் ஏறும். ஆறவிட்டு அளந்து பாருங்கள்.

பௌதிகப்பித்தன்:
சூடாக இருக்க வாய்ப்பில்லை. ஓம் அளவில் மல்டிமீட்டர் அனுப்பும் மின்னோட்டம் ரொம்பச் சின்னது, கம்பி வெதுவெதுப்பாகக்கூட ஆகாது.

எண்களைப் பாருங்கள். 2.6 வர வேண்டிய இடத்தில் 2.2, 7.8 வர வேண்டிய இடத்தில் 7.4. இரண்டிலும் குறைவது அதே 0.4. அப்படியென்றால் எல்லா அளவீட்டிலும் நீளத்தோடு சேராத 0.4 ஓம் ஒட்டிக்கொண்டு வருகிறது. கம்பியை இரட்டிக்கிறீர்கள், அது மட்டும் இரட்டிப்பதில்லை. இரண்டு கிளிப்பையும் ஒன்றோடொன்று கடிக்கவைத்து மீட்டர் என்ன காட்டுகிறது என்று சொல்லுங்கள்.

சுருள்விழி:
0.3 காட்டுகிறது! மிச்சம் 0.1 எங்கே போனது?

பௌதிகப்பித்தன்:
அந்த 0.3 மீட்டர் வயர்களுடையது. நிக்ரோம் மேல் ஆக்சைடு படலம் இருக்கும், கிளிப் தொடும் இடத்தில் அதுவும் கொஞ்சம் தடுக்கும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அளந்தால் குறையலாம். ஆனால் உங்கள் மீட்டரின் கடைசி இலக்கமே 0.1 தான், அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம்.

கழிக்காமலே தப்பிக்க வழி இருக்கிறது: கோட்டின் சாய்வை எடுங்கள். 20-க்கும் 100-க்கும் இடையே 0.80 மீட்டர் நீளம் கூடியது, 7.0 ஓம் ஏறியது. அதாவது ஒரு மீட்டர் நீளத்துக்கு 8.75 ஓம். வயரின் தடை இரண்டு புள்ளியிலும் ஒன்றுதான் என்பதால் கழித்தலில் அதுவே அடிபட்டுப் போகிறது. இதைக் குறுக்குவெட்டுப் பரப்பால், அதாவது 1.257 × 10⁻⁷ சதுர மீட்டரால் பெருக்கினால் மின்தடை எண் (கம்பியின் அளவைச் சாராமல், பொருளுக்கே உரிய தடை மதிப்பு) 1.1 × 10⁻⁶ ஓம் மீட்டர். நிக்ரோமுக்கு அட்டவணைகளில் வழக்கமாகப் பார்க்கிற மதிப்பு இதுதான். கம்பி நல்ல கம்பி!

விட்டத்தில் மட்டும் கவனம். திருகு அளவியில் 0.01 மி.மீ பிசகினால் அது 2.5 சதவீதம். பரப்பில் விட்டம் வர்க்கமாக வருவதால் விடையில் 5 சதவீதமாகிவிடும். சுழிப்பிழையை, அதாவது அளவி மூடியிருக்கும்போதே பூஜ்யம் காட்டாமல் இருக்கிறதா என்பதைப் பார்த்தீர்களா?

இன்னொன்று. 1826-இல் ஓம் விதியைத் தந்த இயற்பியலாளர் ஜார்ஜ் ஓம் வெவ்வேறு நீளக் கம்பிகளை வைத்துச் சோதித்து எழுதிய சமன்பாட்டிலும் இந்த ஒட்டுண்ணி உண்டு. மின்னோட்டத்தின் காந்த விளைவை, ஒரு மாறிலியை 'சுற்றின் மீதிப் பகுதி கூட்டல் கம்பியின் நீளம்' என்பதால் வகுத்துத்தான் எழுதினார். உங்கள் 0.4 அந்த மீதிப் பகுதியின் சொந்தக்காரர்தான்.

கம்பிவலை:
சரி, பேட்டரி, அம்மீட்டர், வோல்ட்மீட்டர் வைத்துச் செய்தால்?

பௌதிகப்பித்தன்:
அங்கே நீங்கள் சொன்ன சூடு உண்மையிலேயே வரும். 10 செ.மீ கம்பியின் இரு முனைக்கும் 1.5 வோல்ட் கிடைத்தால் 1.7 ஆம்பியர் ஓடும், தொட்டால் சுடும். நிக்ரோமின் தடை சூட்டுக்கு அதிகம் மாறாது. செம்பு என்றால் டிகிரிக்கு 0.4 சதவீதம் போல ஏறும். மின்னோட்டத்தைக் குறைத்து, அளக்கும்போது மட்டும் ஸ்விட்சைப் போடுங்கள். வோல்ட்மீட்டரின் முனைகளை கிளிப்பில் வைக்காமல், கிளிப்புகளுக்கு உள்ளே கம்பியிலேயே தொட்டு, அந்த முனைகளுக்கு நடுவே உள்ள நீளத்தை எடுத்துக்கொண்டால் இந்த 0.4 தொல்லையே இருக்காது.

சுருள்விழி:
தேய்த்துவிட்டு அளந்து 0.3 கழித்தேன். 10-க்கு 0.9, 20-க்கு 1.8. நோட்டில் இதை மட்டும் எழுதினால் போதுமா?

பௌதிகப்பித்தன்:
மீட்டர் காட்டியதை ஒரு பத்தியிலும், கழித்ததைப் பக்கத்துப் பத்தியிலும் எழுதுங்கள். எதைக் கழித்தீர்கள், அதை எப்படி அளந்தீர்கள் என்று கீழே ஒரு வரி போதும்.