எரிவாயு பைப்பில் ஜேசிபி பக்கெட் பட்டதும் முதலில் யாருக்குச் சொல்கிறார்கள்?

கே.புதூர்வாசி

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை வேலையின்போது நடந்ததை எழுதுகிறேன். உங்கள் பக்கமும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

மதுரையில் ஒரே தெருவை எத்தனை பேர் தோண்டுவார்கள் என்பது நமக்குப் புதிதில்லை. குடிநீர்க் குழாய், சாக்கடை, ஃபைபர் கேபிள், இப்போது எரிவாயுக் குழாய். முந்தி வந்தவர் எதை எங்கே பதித்தார் என்பது பிந்தி வருகிறவருக்குத் தெரியாது. அன்றைக்கு ஜேசிபி பக்கெட் எரிவாயு பிளாஸ்டிக் குழாயைக் கிழித்துவிட்டது. புஸ்ஸென்று விடாத சத்தம், கூடவே மூக்கைப் பிடிக்கிற நாற்றம்.

மேஸ்திரி போட்ட முதல் சத்தம், "மண்ணைத் தள்ளி மூடுங்கடா!" தெருமுனையில் டீக்கடை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அதை அணைக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் எதிர்வீட்டுக்காரர்தான் கம்பத்தில் எழுதியிருந்த அவசர எண்ணுக்குப் போன் போட்டார். ஆட்கள் சீக்கிரமே வந்தார்கள். கிழிசலுக்கு இரண்டு பக்கமும் குழாயை கிளாம்ப் போட்டு நசுக்கி, வாயுவை நிறுத்தி, துண்டை வெட்டி எடுத்து, புதுத் துண்டை மின்சூட்டில் ஒட்டினார்கள். வேலை சுத்தமாக இருந்தது.

எனக்கு உறுத்தியது அதற்கப்புறம் நடந்தது. குறிப்பெழுத வந்தவர் எப்போது பட்டது என்று கேட்டார். மேஸ்திரி கூசாமல், "நாங்க தோண்டுறதுக்கு முன்னாடியே லீக் ஆகிட்டுதான் சார் இருந்துச்சு" என்றார். சுற்றி நின்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. அவரும் அதையே எழுதிக்கொண்டு போனார்.

ஒத்தக்கடை ஜேசிபி

அண்ணே, மேஸ்திரி செய்தது தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் பாருங்கள். குழாய் உடைந்தால் அந்தக் காசு பில்லில் கழியும். வண்டி நிற்கிற மணிநேரத்துக்கு வாடகை யார் தருவது என்று சண்டை வரும். போலீஸ் வருமோ என்கிற பயம் வேறு. இத்தனைக்கும் தோண்டுவதற்கு முன்னால் கையில் ஒரு வரைபடம்கூடத் தரமாட்டார்கள். 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்று ஒரு செயலி கொண்டுவந்தது. தோண்டப்போகிற இடத்தையும் தேதியையும் அதில் போட்டால், அங்கே குழாயும் கேபிளும் வைத்திருக்கிறவர்களுக்குத் தகவல் போகும். என்னை வாடகைக்குக் கூப்பிட்டவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றி இதுவரை பேசியதில்லை.

உடைந்து சத்தம் போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும், எப்படியும் யாராவது போன் போட்டுவிடுவார்கள். நான் பயப்படுவது உடையாமல் சிராய்த்ததற்குத்தான். மேலூர் ரோட்டில் ஒரு வேலை. என் ஆபரேட்டர் பையன் பக்கெட்டை இழுத்ததில் ஸ்டீல் பைப்பின் மேலுறை பிய்ந்து, உள்ளே இரும்பு பளபளவென்று தெரிந்திருக்கிறது. "கேஸ் ஒண்ணும் வரலையேண்ணே, அதான் மூடிட்டேன்" என்று ராத்திரி சாப்பிடும்போதுதான் சொல்கிறான். உடனே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். திறந்து பார்த்து, பைப்பில் விழுந்த பள்ளம் எவ்வளவு ஆழம் என்று அளந்து, மறுபடி உறை சுற்றினார்கள். இழப்பீடு கேட்டுக் கடிதமும் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்ததாரர் பேசித் தீர்த்தார், அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிடவில்லை.

திருநகர் ரிட்டயர்டு

பைப்லைன் பராமரிப்பில் வேலை பார்த்தவன். ஜேசிபி தம்பி செய்ததன் அருமை பல பேருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரும்புக் குழாய்க்கு இரண்டு காவல். ஒன்று மேலுறை. இன்னொன்று துரு ஏறாமலிருக்கக் குழாய்க்குக் கொடுக்கிற மெல்லிய மின்சாரம், அதை கத்தோடிக் புரொடெக்‌ஷன் என்போம். உறை பிய்ந்த இடத்தில் ஈரமண் நேராக இரும்பைத் தொடுகிறது, பாரம் முழுக்க இரண்டாவது காவல் மேல் விழுகிறது. அதோடு நெளிவும் கீறலும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால், அன்றைக்குத் தாங்கிய குழாய் மாதங்கள் கழித்து அழுத்தத்தில் விரியலாம். அப்போது பக்கெட் பட்ட கதை யாருக்கும் நினைவில் இருக்காது.

மண்ணைத் தள்ளி மூடச் சொன்னாரே, அது கையில் இருப்பதிலேயே மோசமான வழி. இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு. திறந்த குழியில் மேலே போய்க் கலைந்துவிடும். மூடினால் மண்ணுக்குள்ளேயே பக்கவாட்டில் ஊர்ந்து, சாக்கடை வழியாக யார் வீட்டுக்குள்ளாவது ஏறும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். மண் வழியாக ஊறி வரும்போது அந்த நாற்றமும் குறைந்துபோகலாம். குழியை அப்படியே விட்டுவிட்டு, சுற்றியுள்ள நெருப்பை அணைத்து, ஆட்களை விலக்கி, தள்ளி நின்று போன் போடுங்கள். குழாய் வாயில் தீப்பிடித்திருந்தால் தண்ணீர் ஊற்றி அணைக்கப் பார்க்காதீர்கள். வால்வை மூடினால் தானாக அடங்கும். தீ மட்டும் அணைந்து வாயு வந்துகொண்டே இருந்தால் ஆபத்து அதிகம்.

விதிகளுக்குக் குறைவில்லை. பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் 2006-ஆம் வருஷச் சட்டத்தில் வந்தது. அவசரநிலைக்கான அதன் விதிமுறைகள் 2010-இல் வந்தன. நிறுவனமே சமாளிப்பது முதல் நிலை, தீயணைப்பு போன்ற வெளி உதவி தேவைப்படுவது இரண்டாம் நிலை, மாவட்ட நிர்வாகம் இறங்க வேண்டியது மூன்றாம் நிலை. சம்பவம் நடந்த 48 மணி நேரத்துக்குள் வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும். நூலிழையில் தப்பியதைக்கூட, நாங்கள் நியர் மிஸ் என்போம், பதிந்து ஆராய வேண்டும். ஆனால் நிறுவனத்துக்கே தெரியாத சிராய்ப்புக்கு யார் அறிக்கை எழுதுவது? பக்கெட் பிடித்தவன் வாய் திறந்தால்தான் அந்த 48 மணி நேரத்துக்கு அர்த்தம். அவன் பயந்துபோய் மூடிவிட்டால் விதிப்புத்தகம் அலமாரியில் இருக்கும். புதூர்க்காரர் சொன்ன "முன்னாடியே லீக்" இதைவிடக் கெடுதல். வெளியாள் இடித்ததைக் குழாயின் கோளாறு என்று பதிந்தால், அடுத்த சோதனையும் தப்பான காரணத்தைத் தேடித்தான் போகும்.

ஆந்திராவில் அப்போது கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் இருந்த 'நகரம்' என்கிற கிராமத்தை மறக்க முடியாது. 2014 ஜூன் 27 விடியற்காலை கெயில் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உலர்ந்த வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈரமுள்ள வாயு போய், உள்ளிருந்தே அரித்திருந்தது. முன்பே கசிவைப் பற்றிச் சொன்னோம் என்று ஊர்க்காரர்கள் பிறகு சொன்னார்கள். சொன்னது எந்த நோட்டில் ஏறியது என்பதுதான் என் கவலையெல்லாம்.

கொட்டாம்பட்டி விவசாயி

ஐயா சொன்னது சரி. எங்கள் வயலுக்கு அடியில் பெரிய லைன் போகிறது. 1962-ஆம் வருஷத்துப் பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி நிலம் நமதுதான், பயன்பாட்டு உரிமை அவர்களுடையது. நெல் போடலாம். கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது, கட்டடம் கூடாது. அந்த வயிற்றெரிச்சலை இங்கே கொட்டவில்லை.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பெரிய லைனில் போகிற வாயுவுக்குப் பொதுவாக நாற்றமே கிடையாது. ஊருக்குள் பிரிக்கிற நிலையத்தில்தான் வாசனை சேர்க்கிறார்கள். அதனால் எங்களுக்குக் கண்ணும் காதும்தான். ஒரு பட்டையில் மட்டும் பயிர் கருகுவது, சீறல் சத்தம், தேங்கிய தண்ணீரில் குமிழி.

போன போகத்தில் நாற்றங்காலில் குமிழி வந்தது. போன் எடுத்தவர் முதலில் இந்தியில் ஆரம்பித்தார், அப்புறம் தமிழ் தெரிந்தவரிடம் கொடுத்தார். லைன் அடையாளக் கல்லில் எழுதியிருந்த எண்ணைக் கேட்டார், சொன்னேன். கருவியை வைத்துப் பார்த்தால் மீத்தேன் காட்டியது, எனக்குக் கை கால் உதறிவிட்டது. ஆனால் மக்கிய சேற்றிலிருந்தும் மீத்தேன் வருமாம். குழாய் வாயுவில் ஈத்தேனும் கலந்திருக்கும், சேற்று வாயுவில் அது இருக்காது. அதை வைத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு இது சேறுதான் என்றார்கள். நல்லது. ஆனால் அதை எனக்கு எழுத்தில் யாரும் தரவில்லை, லைன் நடந்து பார்க்க வருகிற தம்பி வாய்வழியாகச் சொன்னதுதான். புகார் எண் ஒன்று கொடுத்திருந்தால் நாளைக்கு நானும் பேசலாம்.

அவனியாபுரம் அக்கா

என் கதை சின்னது. சமையலறையில் வாடை. பதற்றத்தில் 1906-க்குப் போட்டேன், அது சிலிண்டர் கேஸுக்கான எண். குழாய் கேஸுக்கு அந்தந்த நிறுவனத்தின் எண் மீட்டர் பெட்டியிலேயே ஒட்டியிருந்திருக்கிறது! வந்த பையன் கருவியை உயரத்தூக்கிக் கூரைப்பக்கம் காட்டினான். சிலிண்டர் கேஸ் தரையில் தங்கும், இது மேலே ஏறும் என்றான். கடைசியில் நாறியது சிங்க் குழாய். அவன் சிரிக்கவில்லை, வீட்டுக்காரர்தான் சிரித்தார்.

கே.புதூர்வாசி

அடுத்த ஏரியா சபையில் இரண்டு கேட்கப்போகிறேன். ரோடு வெட்ட அனுமதி கொடுக்கும்போதே அந்தச் செயலியில் பதிந்ததற்கு ஆதாரம் வாங்க வேண்டும். பட்டதைத் தானாக வந்து சொல்கிற ஆபரேட்டர் மேல் பழி போடக் கூடாது. ஜேசிபி தம்பி, நீங்களும் வந்து பேசினால் நன்றாக இருக்கும்.

ஒத்தக்கடை ஜேசிபி

வர்றேண்ணே. ஆனால் மேஸ்திரியையும் ஒப்பந்ததாரரையும் கூப்பிடாமல் என்னை மட்டும் நிறுத்திவைத்துப் பிரயோஜனம் இல்லை. ஆபரேட்டருக்குச் சம்பளம் நான் கொடுத்தாலும் எங்கே தோண்டணும்னு கை காட்டுகிறவர் மேஸ்திரிதான்.