ஹெர்சல் மலைக்கு முதல்முறை போகிறேன், பூ கொண்டு போகலாமா?

மார்த்தாண்டத்துப்பெண்:
ஜெருசலேமில் 84 வயது அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அவரைச் சவ்தா என்று கூப்பிடுகிறேன், எபிரேயத்தில் பாட்டி. அவருடைய கடைசி மகன் லெபனானில் இறந்தபோது வயது 20. ஹெர்சல் மலை ராணுவக் கல்லறையில் இருக்கிறான். அடுத்த வாரம் போர்வீரர்கள் நினைவு நாள். சக்கர நாற்காலியில் அவரை அங்கே கூட்டிப்போக வேண்டும்.

எங்கள் ஊரில் கல்லறைத் திருநாளுக்குச் செவ்வந்தி மாலை, மெழுகுவர்த்தி எல்லாம் கொண்டுபோவோம். இவர்கள் வழக்கம் தெரியாது. சவ்தாவிடம் கேட்க மனம் வரவில்லை. நாலு நாளாக அலமாரியிலிருந்து ஒரே சட்டையை எடுத்து மடித்து வைக்கிறார், மறுபடி எடுக்கிறார்.

உயிரோடு இருந்தால் எனக்குப் பெரிய அண்ணன். படத்தில் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அண்ணா என்று நினைப்பதா, தம்பி என்றா, அதுவே எனக்குப் பிடிபடவில்லை.

ஹைஃபா_11வருஷம்:
தங்கச்சி, பூ கொண்டு போகலாம், ராணுவக் கல்லறையில் எல்லாரும் வைப்பார்கள். கூடவே சின்னக் கல் ஒன்று எடுத்துக்கொள். கல்லறைமேல் கல் வைப்பதுதான் யூத வழக்கம். வீட்டில் முந்தின நாள் மாலையே 24 மணி நேரம் எரியும் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், அதை அணைத்துவிடாதே.

அன்று மாலை எட்டு மணிக்கு ஒரு நிமிடம் சைரன். மறுநாள் காலை 11 மணிக்கு இரண்டு நிமிடம். ஓடுகிற கார்கூட நடுரோட்டில் நின்றுவிடும். நாற்காலிக்குப் பிரேக் போட்டுவிட்டு நீயும் நில். அவர் எழுந்து நிற்கப் பார்ப்பார், தடுக்காதே, கக்கத்தில் கைகொடுத்துப் பிடி. தண்ணீர், தொப்பி மறக்காதே, கூட்டம் கொஞ்சநஞ்சம் இருக்காது. வெளியே வரும்போது கை கழுவ வேண்டும்.

அன்று சூரியன் சாய்ந்ததும் சுதந்திர நாள் தொடங்கி வெடி வெடிப்பார்கள். அந்த நேரத்தில் அவரைத் தனியாக விடாதே.

புத்தகப்பூச்சி:
சகோதரி, உங்கள் பதிவைப் படித்ததும் ஊரி கிராஸ்மன் நினைவுக்கு வந்தான். இஸ்ரேலிய எழுத்தாளர் டேவிட் கிராஸ்மனின் மகன். 2006 லெபனான் போரில் டாங்க் கமாண்டர். ஆகஸ்ட் 10 அன்று அப்பாவும் சக எழுத்தாளர்கள் ஆமோஸ் ஓஸ், ஏ.பி.யெகோஷுவாவும் ஆக மூவரும் பத்திரிகையாளர்களைக் கூட்டிப் போரை நிறுத்தச் சொன்னார்கள். 12ஆம் தேதி, வேறொரு டாங்கில் அடிபட்டவர்களை மீட்கப்போன இடத்தில் ஊரியின் டாங்க்மேல் ஏவுகணை விழுந்தது. 14ஆம் தேதி போர்நிறுத்தம். இன்னும் இரண்டு வாரம் இருந்திருந்தால் அவனுக்கு 21 வயது. அந்த 34 நாளில் லெபனான் பக்கம் ஆயிரத்துக்கும் மேலானவர்கள் செத்தார்கள், அந்த அம்மாக்களையும் நான் நினைக்காமல் இல்லை.

என்னை உலுக்கியது இதுதான்: கிராஸ்மன் அப்போது எழுதிக்கொண்டிருந்த நாவலில் ஒரு தாய், மகன் இறந்த செய்தி கொண்டு வருகிறவர்கள் கையில் அகப்படக் கூடாது என்று வீட்டைவிட்டே கிளம்பிவிடுகிறாள். நிஜத்தில் அப்படிச் செய்தி கொண்டு வந்தவர்கள் கிராஸ்மனின் வீட்டு மணியை அடித்தபோது அதிகாலை இரண்டே முக்கால் ஆகப்போகிறது. ஏழு நாள் துக்கம் முடிந்ததும் அவர் திரும்பப்போய் நாவலை முடித்தார்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு எபிரேயத்தில் ஷக்குலா என்று தனிச் சொல்லே உண்டு. நம்மிடம் புத்திர சோகம் இருக்கிறது, அதைச் சுமக்கிறவருக்குப் பெயர் இல்லை. தயவுசெய்து சவ்தாவிடம் அவனைப் பற்றிக் கேளுங்கள். கேட்டால் வலிக்கும் என்று ஒதுங்கி நிற்பவர்கள்தான் அவரைச் சுற்றி நிறைய இருப்பார்கள்.

மார்த்தாண்டத்துப்பெண்:
போய்வந்தோம். அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே எழுந்தார். இரண்டு நிமிடமும் என் தோளில் சாய்ந்து நின்றார். கல்லறைகள் எல்லாம் ஒரே அளவு, தலையணை மாதிரி ஒரு கல், அதில் பெயர், அப்பா அம்மா பெயர், வயது. பெரிய அதிகாரி, சிப்பாய் என்ற வித்தியாசமே இல்லை.

முந்தின ராத்திரி கேட்டுவிட்டேன். விடிய விடியப் பேசினார். அந்தச் சட்டை அவனுடையதே இல்லையாம். கூட்டாளியிடம் இரவல் வாங்கி வந்தது, கடைசி விடுமுறையில் துவைக்கப் போட்டுவிட்டுப் போனான். திருப்பிக் கொடுத்தபோது கூட்டாளியும் வாங்கவில்லை. 1997இல் லெபனானுக்குப் போன ராணுவ ஹெலிகாப்டர்கள் மோதி 73 வீரர்கள் இறந்த பிறகு, வீரர்களின் அம்மாக்கள் தொடங்கிய 'நான்கு தாய்மார்' இயக்கம் வந்தது இல்லையா, சவ்தாவும் ராணுவம் லெபனானைவிட்டு வர வேண்டும் என்று தெருமுனையில் அட்டை பிடித்து நின்றிருக்கிறார். சிலர் காரிலிருந்து திட்டினார்களாம். 2000 மே மாதம் ராணுவம் வெளியே வந்தது. அன்றைக்கு யாரோடும் பேசாமல் படுத்துக்கொண்டாராம்.

கல்லை வைக்கும்போது என் வாயில் தம்பி என்றுதான் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார், சொன்னேன்.

மாலையில் வெடிச்சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். மெழுகுவர்த்தி அடியில் கொஞ்சம் எரிந்துகொண்டிருந்தது. அது தானாக அணையும்வரை இரண்டு பேரும் அடுக்களையில் உட்கார்ந்திருந்தோம்.