கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட திருமணப் படம், சிவந்துபோன ஆல்பம்: திருத்தவும் பகிரவும் வழி கேட்கிறேன்

கேள்வி (கோத்தகிரி)

வணக்கம். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படகர் சிற்றூர்) ஒன்றில் உள்ள எங்கள் பூர்விக வீட்டுப் படங்களை ஸ்கேன் செய்து, பழுது நீக்கி, கோவை, பெங்களூரு, மஸ்கட் என்று பிரிந்து வாழும் உறவினர் அனைவருக்கும் அனுப்பும் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறேன். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேறு பிரதி எங்கும் இல்லை என்பதால், தொடங்குமுன் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன்.

தாத்தா, பாட்டியின் கறுப்பு வெள்ளைத் திருமணப் படம் சட்டமிட்டு வெகுகாலமாகச் சுவரில் தொங்குகிறது. ஈரக்காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பாட்டியின் தோளருகே ஒரு திட்டு எண்ணெய் பட்ட காகிதத்தைப் போல மினுங்குகிறது; அதன் ஓரத்தில் மெல்லிய வெள்ளை இழைகளாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. தண்ணீரில் ஊறவைத்தால் பிரிந்துவிடும் என்று சிலர் சொல்வது சரிதானா?

1980-களின் வண்ணப் படங்கள், பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை வைத்து மூடும் ஒட்டும் ஆல்பத்தில் இருக்கின்றன. அத்தனையும் செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டன. அவற்றைவிட மூத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் தெளிவாக இருக்கும்போது இவை மட்டும் ஏன் இப்படி ஆயின என்பது எனக்குப் புரியவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. என் தம்பி பாட்டியின் படத்தைக் கைப்பேசியில் பிடித்து, முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலி ஒன்றில் கொடுத்து, குடும்பக் குழுவில் பகிர்ந்தான். பிள்ளைகள் எல்லாரும் பாராட்டினார்கள். அம்மா மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, "இது அத்தை முகமே இல்லையே" என்றார். பாட்டியின் நெற்றியில் பச்சை குத்தியிருந்த புள்ளிகளைச் செயலி கறையென்று கொண்டு துடைத்துவிட்டிருந்தது. இப்போது எல்லாருடைய கைப்பேசியிலும் அந்தப் படம்தான் இருக்கிறது. எவ்வளவு திருத்தலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

பதில் (குன்னூர், ஓய்வுபெற்ற ஸ்டுடியோக்காரர்)

அம்மா, கண்ணாடியிலிருந்து படத்தைப் பிரிக்க முயல வேண்டாம். ஒளிப்படத் தாளின் மேல்பூச்சு ஜெலட்டினால் ஆனது. ஈரம் ஏறும்போது அது இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும், காய்ந்ததும் அப்படியே இறுகிவிடும். இழுத்தால் தாள் உங்கள் கையோடும் உருவம் கண்ணாடியோடும் போய்விடும். நல்ல நிலையில் உள்ள பிரிண்ட் தண்ணீரில் ஊறிப் பிரிந்து வருவது உண்டு. ஆனால் பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டாலே கரையத் தொடங்கும். உங்கள் படத்தில் பூஞ்சை இருப்பதாகச் சொல்கிறீர்கள். ஆகவே ஊறவைக்கும் பேச்சையே விட்டுவிடுங்கள்.

சட்டத்தின் பின்பலகையை மட்டும் கழற்றி, கண்ணாடியையும் படத்தையும் ஒன்றாகவே வெளியே எடுத்து, கண்ணாடியின் முன்புறத்தைத் துணியில் லேசாக ஈரம் தொட்டுத் துடைத்துவிட்டு, கண்ணாடி வழியாகவே பிரதி எடுங்கள். ஸ்கேனரில் வைப்பதானால் அது எவ்வகை ஸ்கேனர் என்று முதலில் பாருங்கள். இப்போது கடைகளில் கிடைக்கும் மெலிந்த சிஐஎஸ் ஸ்கேனர்கள் தம் கண்ணாடியை ஒட்டியிருப்பதை மட்டுமே கூர்மையாகப் பிடிக்கும். இடையில் இன்னொரு கண்ணாடி வந்தால் படம் மங்கிவிடும். சற்றுப் பருமனான சிசிடி வகை ஸ்கேனர் அதைத் தாங்கும். அது கிடைக்காவிட்டால் கேமராவே போதும். படத்தைச் செங்குத்தாக நிறுத்தி, லென்ஸ் அளவுக்குத் துளையிட்ட கறுப்புத் துணியைக் கேமராவுக்கு முன்னால் தொங்கவிட்டால் உங்கள் உருவமும் ஜன்னலும் கண்ணாடியில் விழாது. ஃபிளாஷ் கூடவே கூடாது. வெயில் நாளைவிட, மஞ்சு மூடிய நம் மலைக் காலைப்பொழுதில் ஜன்னலோரம் கிடைக்கும் சீரான வெளிச்சம் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது.

ஒட்டும் ஆல்பத்தில் படங்கள் எளிதாகக் கிளம்பினால் எடுக்கலாம். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே கொடுத்து, இரு கைகளாலும் மெதுவாக அறுப்பதுபோல் இழுத்து நகர்த்துங்கள். படம் வளையத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் தாளை மட்டும் விலக்கிப் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். இந்த வேலையை எப்போது செய்வது என்பதிலும் கவனம் தேவை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழையில் ஈரம் அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆல்பத்தைத் திறந்து பரப்பி வைக்காதீர்கள். காற்று உலர்ந்திருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களே நல்லவை. பூஞ்சையை மென்தூரிகையால் தட்டும்போது வீட்டுக்கு வெளியே, முகக்கவசத்துடன் செய்யுங்கள்.

பதில் (உதகமண்டலம்)

சகோதரி, நிறம் பற்றிய உங்கள் ஐயத்துக்கு விடை தாளிலேயே இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் வெள்ளி உலோகத் துகள்களால் ஆனது. வண்ணப் படத்தின் உருவமோ மஞ்சள், கருஞ்சிவப்பு, நீலப்பச்சை ஆகிய மூன்று சாயங்களால் ஆனது. வெள்ளி காலத்தால் பழுப்பேறலாம், ஓரங்களில் கண்ணாடிபோல் மின்னலாம், ஆனால் சாயம் வெளிறுவதுபோல் வெளிறாது. அக்காலத்து வண்ணத் தாள்களில், இருட்டில் வைத்திருந்தாலும் முதலில் மங்கியது நீலப்பச்சைச் சாயம்தான். அது போனபின் எஞ்சுவது சிவப்பு. ஆகவே ஆல்பத்தை மூடி வைத்தும் படம் சிவந்ததில் வியப்பில்லை. எங்கள் ஊர் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளும் தாளும் செய்துவந்தது. அந்தத் தாளில் எடுத்த எங்கள் வீட்டுப் படங்கள் இன்றும் முகம் தெரியும்படி இருக்கின்றன. பின்னால் வந்த வண்ணப் படங்கள்தாம் போய்விட்டன.

சாயம் முற்றாக அழிந்துவிடவில்லை என்றால் பெரும்பகுதியை மீட்கலாம். படத்தை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில், தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படம் 2400-க்கு 3600 புள்ளிகளாக, ஏறத்தாழ 25 எம்பி அளவில் வரும். ஸ்கேனரின் தானியங்கி நிறத்திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இந்த முதற்கோப்பில் பின்னாளில் எதையும் மாற்றக் கூடாது. திருத்தமெல்லாம் அதன் பிரதியில்தான்.

இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் 'லெவல்ஸ்' பகுதியைத் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே சரிசெய்யுங்கள். உங்களிடம் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைப் படங்கள் இருக்குமானால் அவற்றிலிருந்து தொடங்குங்கள் என்பேன். பண்டிகைக்கு எல்லாரும் வெள்ளை உடுத்தியிருப்பார்கள். அந்த வெள்ளைத் துண்டு வெள்ளையாகத் தெரியும்வரை மூன்று நிறங்களையும் நகர்த்தினால் முகத்தின் நிறமும் புல்லின் பச்சையும் தாமாகவே பெரிதும் சீர்படும். அதே ஆல்பத்தின் மற்றப் படங்களும் ஏறக்குறைய அதே அளவுக்கு வெளிறியிருக்கும் என்பதால், கிடைத்த அளவுகளைச் சேமித்து வைத்து அவற்றுக்கும் பயன்படுத்தலாம். நிழலில் இருக்கும் வெள்ளையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது இயல்பாகவே சற்று நீலமாக இருக்கும்.

எங்கே நிறுத்துவது என்று கேட்டீர்கள். தாளுக்கு நேர்ந்ததைத் திருத்தலாம், மனிதரிடம் இருந்ததைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கீறல், பூஞ்சைப் புள்ளி, மடிப்பு, வெளிறிய நிறம் ஆகியவை தாளுக்கு வந்தவை. பச்சை, தழும்பு, சுருக்கம், சற்றே மூடிய கண் ஆகியவை பாட்டிக்கு உரியவை. முகத்தைத் தெளிவாக்கும் செயலிகள் மங்கலான இடத்தில் உண்மையில் என்ன இருந்தது என்பதை அறிவதில்லை. தாம் பயின்ற ஏராளமான பிற முகங்களிலிருந்து பொருத்தமாகத் தோன்றுவதை வரைந்து நிரப்புகின்றன. உங்கள் அம்மா கண்டது அதைத்தான்; அவர் சொல்வதே சரி. நெற்றிப் பகுதியை 200 விழுக்காடு பெரிதாக்கி, பச்சைப் புள்ளி எது, பூஞ்சைப் புள்ளி எது என்று அவரையே பக்கத்தில் அமர்த்திக் கேட்டுக்கொண்டு, பூஞ்சையை மட்டும் 'ஹீல்' கருவியால் ஒவ்வொன்றாக நீக்குங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவை அமர்த்திக் கேட்கும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. திருத்திய படம் உறவினரிடம் கெடாமல் போய்ச் சேர என்ன செய்வது? குழுவில் போட்டாலே மங்கிவிடுகிறது. படத்தில் இருப்பவர்களின் பெயர்களும் கூடவே போக வேண்டும்.

பதில் (கோயம்புத்தூர்)

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும்; படத்துக்குள் நீங்கள் எழுதிவைத்த தேதி, விவரம் ஆகியவையும் நீங்கிவிடும். அதையே 'டாகுமெண்ட்' என்று தேர்ந்து அனுப்பினால் கோப்பு மாறாமல் போகும். ஆனால் பெறுபவர் அதை மற்றவருக்குப் படமாக அனுப்பிவிடுவார் என்பதால், பெயர்களைப் படத்திலேயே பதித்துவிடுவது நல்லது. பகிரும் பிரதியின் கீழே ஒரு வெள்ளைப் பட்டையைச் சேர்த்து, இடமிருந்து வலமாகப் பெயர், உறவுமுறை, இடம், தெரிந்த அளவுக்கு ஆண்டு ஆகியவற்றைத் தமிழில் எழுதுங்கள். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் "1983 வாக்கில், பேரகணி" என்று எழுதலாம். பிரிண்டின் முதுகில் எழுதுவதானால் மென்மையான பென்சிலே போதும். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் தெரியும். அம்மா ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லும்போது குரலையும் பதிவுசெய்து, படத்தின் கோப்புப் பெயரையே அதற்கும் வையுங்கள்.

கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. 500 டிஃப் கோப்புகள் வைத்தாலே ஏறக்குறைய நிரம்பிவிடும். எனவே அளவில் சிறிய, உயர்தர ஜேபெக் பிரதிகளை மட்டும் அங்கே ஏற்றிச் சுட்டியைப் பகிருங்கள். முதற்கோப்புகள் இரண்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும். அவற்றில் ஒன்று கட்டாயம் வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் இருக்க வேண்டும்.

தம்பி அனுப்பிய படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதை எல்லாரையும் அழிக்கச் சொல்வது நடக்காது. சரியான படத்தைப் பெயர்ப்பட்டையோடு அதே குழுவில் அனுப்பி, எது செயலி வரைந்தது என்பதைத் தம்பியையே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

அப்படியே செய்கிறேன். ஆல்பத்தின் கடைசி உறையில் சில நெகட்டிவ்களும் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பதில் பயன் உண்டா?

பதில் (குன்னூர், ஓய்வுபெற்ற ஸ்டுடியோக்காரர்)

கட்டாயம் உண்டு அம்மா. பிரிண்டைவிட நெகட்டிவில் விவரம் அதிகம். பிரிண்ட் சிவந்திருந்தாலும் நெகட்டிவ் நன்றாக இருக்கக்கூடும். ஓரத்தை மட்டும் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்து, ஆல்பத்தில் உள்ள படங்களோடு ஒப்பிடுங்கள். மூடியில் விளக்குள்ள ஸ்கேனரில் அவற்றை ஸ்கேன் செய்யலாம். சில ஸ்டுடியோக்கள் இன்றும் செய்து தருகின்றன. பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காகித உறைக்கு மாற்றி, வெளிச்சுவரை ஒட்டாத பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஏதாவதொரு சுருளில் புளித்த காடி வாடை வந்தால் அதன் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, முதலில் அதையே ஸ்கேனுக்குக் கொடுத்துவிடுங்கள்.